மூன்றாவது சக்கரத்தின் கணக்கு

சைடுகார் வைத்த பழைய புல்லட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கி வீட்டிலேயே சரிபண்ணி ஓட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். பெரிய பட்டறை எதுவும் வேண்டாம். மழை படாத ஓர் இடம், கொஞ்சம் பொறுமை, கூப்பிடு தூரத்தில் நம்பிக்கையான ஒரு லேத்துக்காரர் இருந்தால் போதும். ஆனால் பலரும் வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே என்ன கலர் அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சைடுகார் வண்டியில் பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை, அந்த மூன்றாவது சக்கரம் வண்டியை என்னவாக மாற்றிவைத்திருக்கிறது என்று புரிந்துகொள்வது. அது புரிந்துவிட்டால் எதை முதலில் கழற்றுவது, எதற்குக் காசு செலவழிப்பது, எதை அப்படியே விடுவது எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாயாத வண்டி

இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். சாய்வதால் பாரம் எப்போதும் சக்கரத்தின் தளத்திலேயே, மேலிருந்து கீழாக இறங்குகிறது. சக்கரக் கம்பிகள், பேரிங், ஃபோர்க், சட்டம் எல்லாமே அந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. சைடுகாரைப் பூட்டிய நிமிடத்தில் சாய்வு போய்விடுகிறது. இனி ஹேண்டிலைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும். திரும்பும்போது சக்கரங்களைப் பக்கவாட்டில் ஒரு விசை தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவதற்காக அந்த உறுப்புகள் செய்யப்படவில்லை. பழைய சைடுகார் வண்டிகளில் கம்பி அறுவது, பேரிங் ஆடுவது, பின்கையின் (ஸ்விங் ஆர்ம்) புஷ் தேய்வது, சட்டத்தில் கீறல் விழுவது எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

இன்னொன்று. இந்த வண்டியை இழுப்பது பைக்கின் பின்சக்கரம் மட்டுமே. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் சைடுகாரும் இடப்பக்கமே இருக்கும். அதாவது, இழுக்கும் இடம் வலது ஓரத்தில். பாரமோ இடது பக்கமும் பரவிக் கிடக்கிறது. நுகத்தின் ஒரு பக்கம் மட்டும் மாடு பூட்டிய வண்டியைப் போல. ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ சைடுகார் தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். இடது வளைவில் வேகமாகப் போனால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும். வலது வளைவில் வேகமாகப் போனால் பாரமெல்லாம் சைடுகாரின் மூக்கில் இறங்கி, பைக்கின் பின்சக்கரம் லேசாகிவிடும். இதெல்லாம் வண்டியின் கோளாறு இல்லை, அதன் சுபாவம். சரிபண்ணும் வேலையின் பாதி, இந்தச் சுபாவத்தை ஓட்டுபவரின் கைக்குள் அடங்கும் அளவுக்குக் குறைப்பதுதான்.

ஏன் புல்லட்?

சைடுகார் கட்ட எத்தனையோ பழைய வண்டிகள் இருக்கின்றன. 1975இல் வந்த ‘ஷோலே’ படத்தில் ஓடுவது பி.எஸ்.ஏ. வண்டி. அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் வைத்து வேலை பார்ப்பவருக்கு நான் சொல்வது, வார்ப்பிரும்பு எஞ்சின் உள்ள 350 சி.சி. புல்லட். காரணம் உதிரிபாகம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் நின்றுபோனது. இங்கே அந்த எஞ்சின் 2010 வரை, அடிப்படை மாறாமல் வந்துகொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் பலம் உண்டு. சைடுகாருக்கு வேண்டியதும் அதுதான். சென்னைப் புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்க் காயலான் கடையிலோ தேடினால் அநேகமாக எல்லாப் பாகமும் அகப்படும்.

இன்னொரு வசதி: பழைய நான்கு கியர் புல்லட்டில் கிக்கரும் கியரும் வலப்பக்கம். சைடுகார் இடப்பக்கம். ஆகவே உதைக்க இடைஞ்சல் இல்லை. ஆனால் பின்பிரேக் மிதியும் செயினும் இடப்பக்கம் இருக்கின்றன. சைடுகாரின் இணைப்புக் குழாய் பிரேக் மிதிக்கும் காலுக்கு இடிக்கிறதா என்று வாங்கும்போதே உட்கார்ந்து பாருங்கள்.

காகிதம் முதலில், இரும்பு பிறகு

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27), மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லும் விளக்கத்திலேயே, கழற்றக்கூடிய சைடுகாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே சைடுகார் சட்டத்துக்குப் புறம்பான பொருள் இல்லை. ஆனால் பிரிவு 52 இருக்கிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே ஆர்.சி.யில் சைடுகார் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கப்படவில்லை என்றால் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் புதுப்பித்தல் எதுவரை செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் கொத்திய இடத்தில் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயிண்ட்டோ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் நகர்ந்துவிடுங்கள்.

காகிதம் சரியென்றால் டார்ச் லைட்டோடு கீழே குனியுங்கள். புல்லட்டின் சட்டம் அடியில் திறந்தது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சின் தட்டுகளில் முடிகிறது. எஞ்சினே சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. சைடுகாரைப் பைக்கோடு பூட்டும் கீழ்ப் பிடிகள் இழுக்கும் இழுப்பெல்லாம் அந்தத் தட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும்தான் வந்து சேரும். பிடிகளைச் சுற்றியும், ஹேண்டில் தலைக்குழாயின் கீழும், பின்கை பூட்டும் இடத்திலும் பெயிண்ட்டில் மெல்லிய கோடாகத் துரு கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் கீறல் இருக்கும். யாராவது சைடுகார்க் கையைச் சட்டத்தோடு நேராக வெல்டு வைத்திருந்தால் வேண்டவே வேண்டாம். வெல்டு சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் குழாய் பிறகு உடையும்.

கழற்றும்போது

கழற்றுவதற்கு முன் சைடுகாரோடு சேர்த்து எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைடுகாரின் ஒவ்வொரு கையும் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று எழுதிவையுங்கள். அது சரியான அளவாக இல்லாமல் போகலாம். ஆனால் பிறகு திருத்தும்போது எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரியும். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பேர் எழுதுங்கள்.

போல்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு மரைகள். பிந்திய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவும் கலந்து வரும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறான போல்ட் இரண்டு சுற்று சுகமாக ஏறும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரையைத் தின்றுவிடும். அலுமினியப் பாகத்தில் மரை போனால் லேத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கையால் முழுதும் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். துருப்பிடித்து இறுகியதைப் பலத்தால் திருகாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு இறுக்கும் பக்கம் சற்றே அசைத்து, அதன்பின் தளர்த்துங்கள்.

சின்னச் சின்ன இரும்புப் பாகங்களின் துருவுக்குச் சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும் போதும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சோடா. துருப்பிடித்த பாகத்தில் சார்ஜரின் நெகட்டிவ்; உதவாத ஓர் இரும்புத் தகட்டில் பாசிட்டிவ்; இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. துரு இளகி, தேய்த்தால் உதிரும். பாசிட்டிவ் தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் போடவே கூடாது. அதிலிருந்து நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாமல் செய்யுங்கள்.

எஞ்சின்: குறைவாகத் தொடுங்கள்

நல்லபடி ஓடும் எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. சோதித்துப் பார்த்து முடிவெடுங்கள். கிக்கரில் ஏறி நின்றால் அது உங்கள் பாரத்தைச் சில விநாடிகளாவது தாங்க வேண்டும். உடனே கீழே போனால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது. ரொம்ப நாள் நின்ற புல்லட்டில் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். முதல் முறை கிளப்பியதும் புகை மண்டினால் உடனே பயப்பட வேண்டாம். எண்ணெயை வடித்து, புதிதாக ஊற்றி, மறுபடி பாருங்கள். சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லையென்றால்தான் சிலிண்டரைக் கழற்றி லேத்துக்காரரிடம் அளவு பார்க்கக் கொடுக்க வேண்டும். அவர் போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் சொல்வார்.

புல்லட்டின் டேப்பட்டுக்கு ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சத்தில், தள்ளுகம்பியை விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பெரியமுனைப் பேரிங் உயிரோடிருப்பது எண்ணெயால்தான் என்பதால், வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவைத்துச் சும்மா உதைத்து எண்ணெயை மேலே ஏற்றுங்கள். ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராமல் கிளப்பாதீர்கள்.

உதைக்கும் முறையும் உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரசரை அழுத்திக் கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. இப்படி உதைத்தால் புல்லட் காலைத் திருப்பி அடிக்காது.

சைடுகாருக்காக எஞ்சின் பக்கம் செய்ய வேண்டிய ஒரே மாற்றம் செயின் விகிதம். புல்லட்டே சுமார் 160 கிலோ. வெறும் சைடுகார் 80 கிலோ அளவுக்கு வரலாம். அதில் ஆளும் ஏறினால், தனி பைக்கின் கியர் விகிதத்தில் எஞ்சின் திணறும், கிளட்ச் வழுக்கும். புல்லட்டில் பின்சக்கரப் பல்சக்கரம் பிரேக் டிரம்மோடு சேர்ந்தது. அதை மாற்றுவது பெரிய வேலை. கியர்ப்பெட்டிப் பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தை ஒன்றிரண்டு பல் குறைந்ததாக மாற்றுவது எளிது. வேகம் குறையும். குறையட்டும், சைடுகார் வண்டி 50, 60 கிலோமீட்டரில் நிதானமாகப் போக வேண்டியதுதான்.

காசு போக வேண்டிய இடம்

எஞ்சினில் மிச்சப்படுத்திய பணத்தை இங்கே செலவழியுங்கள். சாயாத வண்டி பக்கவாட்டில் தள்ளும் என்றேனே, அதைத் தாங்கும் உறுப்புகள் இவை.

சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் கணீரென்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மொண்ணையாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. பாதிக்கு மேல் துருப்பிடித்திருந்தால் செட்டாகவே மாற்றி, ரிம்மைக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று சக்கரங்களிலும் பேரிங் புதிது. பின்கை புஷ் புதிது. ஹேண்டில் தலையின் பந்துகளும் கிண்ணங்களும் புதிது. கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் ஒட்டிக்கொள்ளும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பூ தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பத்து வருடப் பழைய டயரை நம்பாதீர்கள்.

பிரேக் மிக முக்கியம். நம் ஊரில் பல சைடுகார்களில் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. கூடுதல் பாரம் முழுவதையும் பைக்கின் இரண்டு டிரம்களே நிறுத்த வேண்டும். டிரம் வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் கடைந்து, புது லைனிங் போட்டு, அது டிரம்மில் முழுதும் படிகிறதா என்று சாக்பீஸ் தடவிப் பாருங்கள். கேபிள்களைப் பழையதோடு விடாதீர்கள்.

ஹேண்டில் கனமாக இருக்கும் என்பது தெரிந்ததே. தனி பைக் நேராக ஓடுவதற்காக, முன்டயர் தரையைத் தொடும் இடம் ஹேண்டில் அச்சின் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும்படி ஃபோர்க்கை அமைத்திருப்பார்கள். அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். சைடுகாருக்கு அவ்வளவு டிரெயில் தேவையில்லை. அதனால்தான் சைடுகாரோடே விற்கப்படும், ரஷ்யாவில் பிறந்த யூரல் வண்டி வேறு வகை ஃபோர்க்கோடு வருகிறது. வீட்டில் ஃபோர்க்கை வெட்டி ஒட்டி இதைச் சாதிக்கப் பார்க்க வேண்டாம். அகலமான ஹேண்டில் போடுங்கள், கனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் உதறினால், பழைய புல்லட்டின் ஹேண்டில் நடுவில் உள்ள டாம்பர் குமிழைச் சற்று இறுக்கினால் அடங்கும்.

தொட்டியும் பிடிகளும்

சைடுகாரில் ஆள் உட்காரும் தொட்டி மெல்லிய தகடு, அடியில் குழாய்ச் சட்டம். தகடு எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம்: சீட்டுக்கு அடியில், தண்ணீர் நின்ற மூலையில். பலகைத் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டை விழுந்த தகட்டில் பட்டி அப்பி மறைக்காமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். டிங்கர் வேலை தெரிந்தவருக்கு அது சின்ன வேலை. தண்ணீர் வடிய அடியில் துளைகள் இருக்க வேண்டும்.

‘ஷோலே’ பாட்டில் சைடுகார் தனியே கழன்று ஓடி, திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். நிஜத்தில் கழன்றால் ஒட்டாது. ஆகவே நான்கு பிடிகள் இருக்க வேண்டும்: கீழே முன்னும் பின்னுமாக இரண்டு, மேலே டேங்க்குக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலுமாக இரண்டு. மூன்றே பிடியில் நிற்கும் வண்டிகள் சாலையில் உண்டு. அவற்றைப் பின்பற்ற வேண்டாம். தலையில் 8.8 என்று குறித்த உறுதியான போல்ட், தளராத நைலான் நட்டு. கிளாம்ப் குழாயைச் சுற்றி முழுதாகக் கவ்வ வேண்டும். இடைவெளிக்கு ரப்பரோ டின் தகடோ திணிக்கக் கூடாது.

ரசமட்டமும் தூக்குக்குண்டும்

இனிதான் முக்கியமான வேலை. இதற்குத் தேவை கொத்தனாரின் கருவிகள்: ரசமட்டம், தூக்குக்குண்டு, கோணல் இல்லாத இரண்டு நீளமான சட்டங்கள். அலுமினியச் சதுரக்குழாய் நல்லது. சமதளமான சிமெண்ட் தரை. டயர்களில் சரியான காற்று. சைடுகாரிலும் பைக்கிலும் வழக்கமாக ஏற்றும் பாரத்துக்குச் சமமாக மணல் மூட்டை.

முதலில் பைக்கின் முன்பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கட்டும். அது கோணலாக இருந்தால் மற்ற அளவெல்லாம் வீண்.

அடுத்தது முன்னேற்றம். சைடுகார் சக்கரத்தின் அச்சு, பைக்கின் பின்சக்கர அச்சுக்கு நேராக இருக்கக் கூடாது. 6 முதல் 9 அங்குலம் வரை முன்னே தள்ளி இருக்க வேண்டும். வலது வளைவில் பாரம் சைடுகாரின் மூக்கில் இறங்கும்போது அதைத் தாங்க அங்கே சக்கரம் நிற்க வேண்டும் அல்லவா? ரொம்பவும் முன்னே போனால் ஹேண்டில் கனக்கும், டயர் உரசித் தேயும்.

மூன்றாவது உள்நோக்கு. ஒரு சட்டத்தைப் பைக்கின் வலப்பக்கம் இரண்டு டயரையும் ஒட்டித் தரையில் வையுங்கள். முன்டயர் மெல்லியது என்பதால் அங்கே இருக்கும் இடைவெளியை அதன் முன்னும் பின்னும் சமமாக விடுங்கள். இன்னொன்றைச் சைடுகார் சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். இரண்டு சட்டத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒருமுறை அளந்து பாருங்கள். முன்னால் உள்ள தூரம் 12 முதல் 20 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அதாவது சைடுகார் சக்கரம் பைக்கைப் பார்த்து இம்மியளவு திரும்பியிருக்க வேண்டும். வண்டி இடப்பக்கம் இழுப்பதற்கு இது ஈடு. அளவு மிஞ்சினால் டயர் ரம்பப் பல் போலத் தேய்ந்து காட்டிக்கொடுக்கும்.

கடைசியாகச் சாய்வு. பைக் நெட்டுக்குத்தாக நிற்கக் கூடாது. சைடுகாரை விட்டு விலகி, வலப்பக்கம் 1 முதல் 2 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகள் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக இடது ஓரம் சரிந்திருக்கின்றன. அந்தச் சரிவு வண்டியை இடப்பக்கம் இழுப்பதை இந்தச் சாய்வு சமன் செய்யும். பின் மட்கார்டின் நடுக்கோட்டிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் நூல், டயர் தரையைத் தொடும் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் விலகினால் அது 1 பாகை. மேல் பிடிகளின் கைகளை நீட்டினால் சாய்வு கூடும், குறுக்கினால் குறையும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள். உள்நோக்கை முதலில் முடித்துவிட்டு, பிறகு சாய்வைத் தொடுங்கள். சமமான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டிலை லேசாகப் பிடித்துப் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் சாய்வைக் கொஞ்சம் கூட்டுங்கள். வலப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். எந்த வேகத்திலும் எந்தப் பாரத்திலும் இழுக்காத சைடுகார் கிடையாது. நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், வழக்கமான பாரத்தில் நேராக ஓடினால் அதுதான் சரியான அளவு.

இப்போது பெயிண்ட்

மட்டமெல்லாம் சரியாகி, வண்டி நேராக ஓடிய பிறகு மறுபடி கழற்றிப் பெயிண்ட் அடியுங்கள். முன்னமே அடித்தால் ஒவ்வொரு முறை கிளாம்ப்பை நகர்த்தும்போதும் புதுப் பெயிண்ட் உரியும். உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, தேவையான இடத்தில் மட்டும் பட்டி, பிறகு நிறம். டேங்க்கின் தங்கக் கோட்டைத் தொழிற்சாலையிலேயே தூரிகையால் கையால் போட்டுவந்தார்கள். உங்கள் ஊரில் போர்டு எழுதும் ஓவியர் யாராவது இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள், ஸ்டிக்கர் வேண்டாம்.

இரண்டே கவனம். கிளாம்ப் கவ்வும் இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருக்கக் கூடாது. நாளடைவில் அது நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். இன்னொன்று, பெயிண்ட் அடித்த சைடுகார்ச் சட்டம் வழியாக எர்த் சரியாக வராது. சைடுகாரின் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். பேட்டரியிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். பழைய வண்டிகளில் 6 வோல்ட், பிந்தியவற்றில் 12. பல்பு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். சைடுகாரின் மட்கார்டில் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். இருட்டில் எதிரே வருபவருக்கு உங்கள் வண்டியின் அகலம் அதனால்தான் தெரியும்.

ஓட்டுவதற்கு முன்

பைக் ஓட்டத் தெரியும் என்ற தைரியத்தில் யாரும் சைடுகாரோடு நேராகச் சாலைக்குப் போக வேண்டாம். சொல்லப்போனால் பைக் ஓட்டிய பழக்கமே முதலில் எதிரியாக நிற்கும். உடம்பு சாயப் பார்க்கும், வண்டி சாயாது. காலி மைதானம் ஒன்றைத் தேடுங்கள். காலிச் சைடுகாரில் 30, 40 கிலோ மணல் மூட்டை வையுங்கள், நகராமல் கட்டுங்கள். இடது வளைவில் சைடுகார் சக்கரம் எப்போது எழும் என்று மெல்ல வேகத்தைக் கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். எழுந்தால் பதற்றப்பட்டுப் பிரேக்கை மிதிக்காமல், ஹேண்டிலைச் சற்று நேராக்கி ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைத்தால் இறங்கிவிடும். பிரேக் பிடித்தால் எவ்வளவு வலப்பக்கம் போகிறது என்பதும் கைக்குப் பழக வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லாப் பிடிகளையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பூட்டியது எதுவும் கொஞ்சம் தளராமல் இருக்காது.

சைடுகாரில் உட்காருபவருக்கு ஹேண்டிலும் இல்லை, பிரேக்கும் இல்லை. உங்கள் கையை மட்டும் நம்பி உட்காருகிறார். பெயிண்ட் காய்ந்துவிட்டது, பிள்ளைகள் ஏறத் துடிக்கிறார்கள் என்பதற்காக அவசரப்படாதீர்கள். மணல் மூட்டையோடு மைதானத்தில் தடுமாறாமல் சுற்றத் தெரிந்த பிறகு மட்டும் ஆளை ஏற்றுங்கள். ஏறும் எல்லோருக்கும் ஹெல்மெட் போடுங்கள்.